சிறுநீரக வைத்தியத்துக்கு வழிமுறை வகுப்பவர்கள்

கும்பகோணத்தில் இருக்கும் 65 வயதுத் தகப்பனாருக்கு அங்குள்ள டாக்டர் இரத்தப் பரிசோதனை செய்து, 'கிரியாட்டினின் 1.8' என்று எழுதித் தருகிறார். தில்லியில் வேலை பார்க்கும் மகன் அவரை இங்கே அழைத்து வந்து ஒரு நிபுணரிடம் காட்டுகிறார். நிபுணர் சிறுநீரையும் பரிசோதித்துவிட்டு 'ஜி3பி, ஏ2' என்று குறிக்கிறார். "அங்கே ஒன்று சொன்னார்கள், இங்கே வேறொன்று சொல்கிறார்களே!" என்று வீட்டில் கவலை பிறந்துவிடுகிறது. வெளியூரில் வாழும் நம் குடும்பங்களில் இது அடிக்கடி நடப்பதுதான். உண்மையில் இரண்டு டாக்டர்களும் ஒன்றையேதான் சொல்கிறார்கள். இரண்டாமவர் உலகம் முழுவதும் வழங்கும் ஒரு பொது அளவுகோலில் வைத்துச் சொல்கிறார், அவ்வளவுதான்.

கிரியாட்டினின் என்பது தசையில் உண்டாகும் கழிவு. அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு சிறுநீரகத்தின் சக்தியை அளக்க முடியாது. அதே 1.8 முப்பது வயது ஆணுக்கு இருந்தால், நிமிடத்துக்குச் சுமார் 51 மில்லி லிட்டர் வடிகட்டும் திறன் இருப்பதாகக் கணக்கு. 65 வயது ஆணுக்கு 41, அதே வயதுப் பெண்ணுக்கு 31. 90-க்கு மேல் இருந்தால் முதல் நிலை, 15-க்குக் கீழே போனால் ஐந்தாம் நிலை. 30 முதல் 44 வரை உள்ளதைத்தான் 'ஜி3பி' என்கிறார்கள். 'ஏ' என்ற எழுத்து, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் எவ்வளவு கசிகிறது என்பதைக் காட்டும். கோளாறு மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் அது நாட்பட்ட நோய். ஒரு நாள் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு யாரும் இடிந்து போக வேண்டியதில்லை.

இந்த ஐந்து நிலைகளை 2002-இல் அமெரிக்காவின் தேசியச் சிறுநீரக அறக்கட்டளை வகுத்தது. அதற்கு முன் 'ஆரம்பக் கோளாறு', 'மிதமான கோளாறு' என்று ஆளுக்கொரு பெயர். ஒரு நாட்டு ஆராய்ச்சியை இன்னொரு நாட்டோடு ஒப்பிடவே வழியில்லை. நாட்டுக்கு நாடு தனித்தனியே விதி எழுதுவது வீண் உழைப்பு என்று உணர்ந்து, அமெரிக்க டாக்டர் கேரபெட் எக்னோயன், பெல்ஜிய டாக்டர் நார்பர்ட் லமியர் முதலானோர் 2003-இல் 'கேடிகோ' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். சிறுநீரக நோயில் உலகெங்கும் பலனை மேம்படுத்துவது என்பது அப்பெயரின் பொருள். பின்னாளில் இது பிரஸ்ஸல்ஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்டது. ஆல்புமின் கணக்கைச் சேர்த்த வழிகாட்டி இவர்களுடைய 2012-ஆம் ஆண்டுப் பணி. அதன் புதிய பதிப்பு 2024-இல் வந்தது.

பெரிய டாக்டர்கள் நாலு பேர் கூடிப் பேசி முடிவெடுப்பதல்ல இது. முதலில் கேள்விகளைத் தீர்மானிக்கிறார்கள். தனியானதொரு குழு அவற்றுக்குரிய ஆராய்ச்சிகளையெல்லாம் தேடித் தொகுத்து, ஒவ்வொன்றையும் எவ்வளவு நம்பலாம் என்று எடை போடுகிறது. அதன் பிறகே பல நாட்டு நிபுணர்கள் உட்கார்ந்து வாசகங்களை எழுதுகிறார்கள். நகலைப் பொதுப் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்கிறார்கள். ஒவ்வொரு வாசகத்துக்கும் மதிப்பெண் உண்டு. '1' என்றால் 'பரிந்துரைக்கிறோம்', '2' என்றால் 'யோசனையாகச் சொல்கிறோம்'. சான்று பலமானால் 'ஏ', மிகவும் பலவீனமானால் 'டி'. தெரிந்தது எது, ஊகம் எது என்று பிரித்துக் காட்டும் இந்த நேர்மையே இதில் எனக்குப் பிடித்த அம்சம்.

அந்த நேர்மை எளிதில் வந்துவிடவில்லை. சிறுநீரக நோயாளிகளுக்கு இரத்தசோகை வரும். அதற்கு 'எரித்ரோபாயிட்டின்' வகை ஊசி போடுவார்கள். ஹீமோகுளோபினை ஆரோக்கியமானவர்களுக்கு இருப்பது போல 13-க்கு மேல் உயர்த்தினால் இன்னும் நல்லதுதானே என்று பலர் நினைத்தார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் 2006-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், அதிகம் உயர்த்தப்பட்டவர்களுக்கே இருதயக் கோளாறும் மரணமும் கூடுதலாக இருந்தன. 2009-இல் வந்த இன்னொன்றில் பக்கவாதம் ஏறக்குறைய இரு மடங்கு. தொடக்ககால அமெரிக்க வழிகாட்டிகளுக்கு அந்த மருந்தைத் தயாரித்த நிறுவனமே பணம் கொடுத்திருந்தது என்பதும் அப்போது கடுமையாக விமர்சிக்கப்பட்டது. வேண்டுமென்றே 13-க்கு மேல் உயர்த்தக் கூடாது என்று 2012-இல் கேடிகோ திட்டவட்டமாக எழுதிற்று. அதற்குக் கொடுத்த மதிப்பெண் '1ஏ'.

எல்லாவற்றிலும் இப்படி ஒருமித்த கருத்து இல்லை. மேல் இரத்த அழுத்தத்தை 120-க்குக் கீழே வைக்கலாம் என்பது இவர்களுடைய 2021-ஆம் ஆண்டு யோசனை. அமெரிக்க இருதய நிபுணர்களின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டிக்கு 130-க்குக் கீழே இருந்தால் போதும். ஆனால் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்து முறையாக அளந்தால்தான் 120 என்ற அந்த இலக்கு பொருந்தும் என்று கேடிகோ சேர்த்தே சொல்லியிருக்கிறது. மாடிப்படி ஏறி வந்த மூச்சிரைப்போடு நாம் கையை நீட்டுவது இதில் சேராது.

சரி, அங்கே எழுதிய விதி நம் நாட்டுக்குப் பொருந்துமா? முதல் தடை விலை. 'டபாக்ளிஃப்ளோசின்' என்ற நீரிழிவு மாத்திரை சிறுநீரகத்தையும் காக்கிறது என்று 4,304 பேரிடம் 21 நாடுகளில் நடந்த ஆராய்ச்சி 2020-இல் காட்டியது. நீரிழிவு இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் அது பலன் தந்தது. அதே ஆண்டு இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்து நம் கம்பெனிகள் தயாரிக்கத் தொடங்கின, விலையும் வெகுவாக இறங்கிற்று. எல்லா மருந்துக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. விலையுயர்ந்த மருந்து இல்லாமலும் செய்ய வழியுண்டு என்று முன்பே காட்டியவர் சென்னை டாக்டர் எம்.கே. மணி. அவருடைய அமைப்பு சென்னைக்கு அருகிலுள்ள கிராமங்களில் வீடு வீடாகச் சென்று சிறுநீரும் இரத்த அழுத்தமும் பார்த்து, மலிவான பழைய மாத்திரைகளைக் கொண்டே நோயைத் தடுக்க முயன்றது.

இரண்டாவது தடை, நம் பக்கத்து நோயே வேறாக இருப்பது. ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியிலும், இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் நீரிழிவோ இரத்தக் கொதிப்போ இல்லாத விவசாயிகளுக்குச் சிறுநீரகம் கெடுகிறது. காரணம் இன்னும் தீர்மானமாகவில்லை. காரணமே தெரியாத நோய்க்கு எந்த வழிகாட்டி என்ன எழுதும்?

சாப்பாட்டு விஷயத்தில் விதி எளிது. மூன்றாம் நிலைக்கு மேல் புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம். ஆகவே பருப்பையே தொடக்கூடாது என்று அக்கம்பக்கத்தார் சொல்வதைக் கேட்டு உடம்பை வற்ற விடுவது தவறு. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ஊரிலிருந்து பார்சலில் வரும் மாவடு, அப்பளம், வடகம், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகம் பழுதானவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதை வாங்க வேண்டாம்.