சேரு தீண்டினால்

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும், அவற்றுக்குக் கிழக்கே வெள்ளறடை, அம்பூரி என்று மலையடிவாரம் வரை நீளும் ஊர்களிலும், ரப்பர்த் தோட்டத்தில் அடிக்காடு வெட்டப் போன தொழிலாளியோ, வேலிக்குக் கம்பு ஒடிக்கப் போன குடியானவனோ, காவு எனப்படும் கோயில் தோப்புக்குள் ஒளிந்து விளையாடிய சிறுவனோ இரண்டொரு நாள் கழித்து முகம் வீங்கி, கண் இடுங்கி, கைகளில் கொப்புளம் பொங்கித் திண்ணையில் உட்கார்ந்திருக்கக் கண்டால், அங்குள்ள பெரியவர்கள் நீண்ட விசாரணை எதுவும் செய்வதில்லை. "சேரு பட்டிருக்கு" என்று சொல்லிவிடுவார்கள்; சேரு என்பது அங்குள்ள ஒரு மரம். பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். ஆனால் காரணத்தை இவ்வளவு நுட்பமாகக் கண்டுகொள்ளும் அதே ஜனங்கள், அந்தத் துன்பம் எவ்வாறு விளைகிறது, எந்த நேரத்தில் எதைச் செய்தால் அதைத் தடுக்கலாம் என்ற விஷயங்களில் தெளிவில்லாமல் இருப்பதனால், சில நிமிஷங்களில் தவிர்த்திருக்கக்கூடிய வேதனையை இரண்டு மூன்று வாரங்கள் அனுபவிக்கிறார்கள். அந்தத் தெளிவை எளிய முறையில் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி ராஜ்யங்களின் எல்லை திருத்தி வகுக்கப்பட்டபோது, விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது; நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லையூரான களியக்காவிளைக்கு இப்பாலும் அப்பாலும் தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் இந்தப் பிரதேசத்தில் சேரு மரத்தைப் பற்றிய அச்சம் மட்டும் இரு பக்கமும் ஒன்றாகவே இருக்கிறது. தாவர சாஸ்திரிகள் ஹோலிகார்னா ஆர்னோட்டியானா என்று பெயரிட்டிருக்கும் இம்மரம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிக்கே உரியது; உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. கொச்சியில் டச்சுக்காரரின் ஆட்சித் தலைவராக இருந்த வான் ரீடு என்பவரின் முயற்சியால் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' என்னும் மகத்தான தாவர நூலிலேயே காட்டுச்சேரு என்ற நம் நாட்டுப் பெயரோடு இதன் சித்திரமும் வர்ணனையும் இடம்பெற்றிருக்கின்றன.

இதை அடையாளம் கண்டுகொள்வது கடினமான காரியமன்று. மாவிலையைப் போல முழு இலையாகவே இருக்கும்; ஆனால் நுனியை நோக்கி அகன்றும் காம்பை நோக்கி ஆப்புப் போல ஒடுங்கியும் காணப்படும். இலைகள் கிளை நுனிகளில் கொத்தாக நெருங்கியிருக்கும். அடிப்பக்கம் சற்றே வெளுத்திருக்கும். இலைக்காம்பை உற்று நோக்கினால் அதன் இருமருங்கிலும் மிகச் சிறிய முள் போன்ற இரண்டு நீட்சிகள் தெரியும். முதிர்ந்த இலையில் அவை உதிர்ந்து போயிருக்கவும் கூடும். இவற்றையெல்லாம் விடத் தெளிவான அடையாளம் அதன் பால். வெட்டுக்கத்தி பட்ட பட்டையில் கசியும் அந்த ரசம் முதலில் ஏறக்குறைய நிறமற்றதாயிருந்து, காற்றுப் பட்டதும் பழுப்பேறி, பிறகு தார் பூசியது போலக் கன்னங்கரேலென்று ஆகிவிடும். காட்டு வழியில் ஒரு மரத்தின் அடியில் பழைய வெட்டுக்காயத்தைச் சுற்றி இத்தகைய கருங்கறை காணப்படுமானால், பெயர் தெரியாவிட்டாலும் அம்மரத்தை விட்டு விலகிப் போவதே விவேகம்.

சேருவுக்கு உறவினர் பலர் உண்டு. அவர்களில் சிலர் நம் வீட்டு முற்றத்திலேயே நிற்கிறார்கள். மாவும், நம்மவர் கொல்லாமரம் என்று சொல்லும் முந்திரியும், சித்த வைத்தியர் சுத்தி செய்து மருந்தாக்கும் சேராங்கொட்டையும் எல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மாங்காயைப் பறிக்கும்போது காம்பிலிருந்து தெறிக்கும் சுனைப்பால் கன்னத்தில் பட்டுப் பொள்ளிய தழும்பு, இந்த ஊர்க் குழந்தைகளில் பலருக்கும் கோடை விடுமுறையின் ஞாபகமாக இருக்கும். சேராங்கொட்டையின் கருஞ்சாற்றால் சலவைத் தொழிலாளர் துணிகளுக்குக் குறியிடுவது நெடுங்கால வழக்கம். இரண்டாம் உலக யுத்தத்தின்போது இந்தியாவில் தங்கியிருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்குப் பிடரியிலும் இடுப்பிலும் இனம் தெரியாத கொப்புளங்கள் தோன்ற, அவை சட்டையிலும் கால்சட்டையிலும் குறியிட்ட இடம் தோலில் உரசியதன் விளைவே என்று மருத்துவர்கள் கண்டறிந்து 1943ஆம் ஆண்டில் எழுதினார்கள். அந்த வீரர்களின் சொந்த நாட்டிலும் இக்குடும்பத்துச் செடிகள் உண்டு. கலிபோர்னியா முதலிய மேற்குக் கரைப் பகுதிகளில் மும்மூன்று சிற்றிலைகளோடு புதராகவும் கொடியாகவும் வளரும் பாய்சன் ஓக் என்ற செடி, மலையேறப் போகிறவர்களுக்கு அங்கே பெருந்தொல்லை கொடுப்பது. இந்நாளில் நம் பிள்ளைகள் அந்நாட்டுக்குப் படிக்கவும் வேலை பார்க்கவும் செல்வதனால், சேருவைப் பற்றிய ஞானம் அவர்களுக்கு அங்கும் பயன்படும்.

இக்குடும்பத்தின் கெடுதலுக்கெல்லாம் மூலம் ஓர் எண்ணெய்ப்பசை. பாய்சன் ஓக் செடியில் உள்ளதை உருஷியால் என்பார்கள். சேருவிலும் சேராங்கொட்டையிலும் முந்திரித் தோட்டிலும் அதற்கு நெருங்கிய இனத்தைச் சேர்ந்த பொருள்களே இருக்கின்றன. இந்தப் பசை சருமத்தில் பட்டுச் சில நிமிஷங்களுக்குள் மேல்தோலில் ஊறி, அங்குள்ள புரதங்களோடு பிணைந்துகொள்கிறது. அவ்வாறு உருமாறிய புரதத்தை உடலின் பாதுகாப்பு அணுக்கள் அந்நியப் பொருளென்று கருதித் தாக்கத் தொடங்குகின்றன; நாம் காணும் சிவப்பும் வீக்கமும் அரிப்பும் கொப்புளமும் அந்தத் தாக்குதலின் விளைவே. முதல் தடவை பட்டபோது உடம்பு அதை அறிந்துகொள்ளவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். ஒரு முறை அறிந்துகொண்ட உடம்போ, அடுத்த முறை ஒன்றிரண்டு நாட்களுக்குள் சீறி எழும். பல்லாண்டு காலம் காட்டில் புழங்கி யாதொரு தீங்கும் அடையாத ஒருவன் திடீரென்று ஒரு நாள் அகப்பட்டுக்கொள்வதும், இருவர் சேர்ந்து ஒரே கிளையை இழுத்தும் ஒருவனுக்கு மட்டுமே கொப்புளம் தோன்றுவதும் இதனாலேதான். மரம் ஆளறிந்து கோபிக்கிறது என்று முன்னோர் எண்ணியதற்கு அவர்கள் கண்ணால் கண்ட இந்த அனுபவமே ஆதாரமாக இருந்திருக்க வேண்டும்.

சேருவின் நிழல் பட்டாலே வீங்கும், அதன் காற்று அடித்தாலே பொள்ளும் என்ற நம்பிக்கைக்கும் இவ்வாறே விளக்கம் காணலாம். நிழலுக்கு அத்தகைய சக்தி இல்லை. ஆனால் முறிந்த கிளையிலிருந்து மழைத்துளியோடு சொட்டும் பால், அடிக்காட்டில் காலோடு கசங்கும் இளங்கன்றின் இலை, மரத்தடியில் உரசிவிட்டு வந்த ஆட்டின் ரோமம், முந்தின நாள் சேருவை வெட்டிய கத்தியின் பிடி என்று அறியாமல் தொட்டுவிடும் வழிகள் எத்தனையோ உண்டு. இந்தப் பசை ஆயுதங்களிலும் துணிகளிலும் மாதக்கணக்கில் வீரியம் குறையாமல் இருக்கக்கூடியது. காற்றைப் பற்றிய அச்சத்திலோ ஓர் உண்மையே அடங்கியிருக்கிறது. வெட்டிய சேருச் சுள்ளியைச் சருகோடு குவித்துத் தீயிட்டால், புகையோடு அந்தப் பசையின் நுண்துளிகள் மேலெழுந்து, முகத்தையும் கண்ணையும் தாக்குவதோடு மூச்சுக்குழலுக்குள்ளும் இறங்கி அபாயத்தை விளைவிக்கும். ஆகவே சேருவை விறகாக்குவதோ, தோட்டத்துக் குப்பையோடு கொளுத்துவதோ எக்காலத்திலும் கூடாது.

இனிச் செய்யத்தக்கது என்ன என்று பார்ப்போம். சேரு பட்டது என்ற சந்தேகம் எழுந்த உடனே, வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினையாமல், அருகிலுள்ள ஓடையிலோ கிணற்றடியிலோ தாராளமான குளிர்ந்த நீரும் சோப்பும் கொண்டு கழுவ வேண்டும். எண்ணெய்ப்பசையை அகற்றுவதே குறிக்கோளாதலால் பாத்திரம் கழுவும் சோப்பு இதற்கு மிகவும் ஏற்றது. பாய்சன் ஓக் வகைச் செடிகளைப் பற்றி மருத்துவர் கூறும் கணக்கின்படி, பத்து நிமிஷத்துக்குள் கழுவினால் பசையில் ஏறக்குறைய பாதியை நீக்கிவிடலாம். அரை மணி கழிந்தால் பத்தில் ஒரு பங்கே நீங்கும். ஒரு மணி நேரத்துக்குப் பின் தோலில் ஊறிவிட்டதை வெளியேற்ற வழியில்லை. நகக்கண்களை மறக்கலாகாது, அங்கே தங்கிய பசைதான் அறியாமல் கண்ணுக்கும் முகத்துக்கும் போய்ச் சேருகிறது. உடுத்திருந்த துணியைத் தனியே துவைத்து, கத்தியின் பிடியையும் செருப்பையும் கழுவிவிட வேண்டும். கழுவும்போது தோலைத் தேங்காய்ச் சவுரியால் அழுந்தத் தேய்ப்பது தீமையே தரும்.

கொப்புளம் கண்ட பிறகு, அதிலுள்ள நீர் வழிந்து பிறருக்கும் பரவும் என்று எண்ணி நோயாளியை ஒதுக்கி வைப்பது அநாவசியம். கொப்புள நீரில் அந்தப் பசை இல்லை. நாளுக்கு நாள் புதிய இடங்களில் தோன்றுவதைப் பார்த்துப் பரவுவதாக நினைக்கிறோம். பசை கனமாகப் பட்ட இடமும் மெல்லிய தோலும் முதலில் பொங்குகின்றன, மற்ற இடங்கள் பின்னர் பொங்குகின்றன, அவ்வளவே. குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஒற்றுவதும், காலமைன் லோஷனைத் தடவுவதும் அரிப்பைத் தணிக்கும். கொப்புளத்தை உடைப்பதும், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் முதலியவற்றைப் பூசுவதும் புண்ணை ரணமாக்கிவிடும். முகமோ கண்ணோ பிறப்புறுப்போ வீங்கினாலும், உடம்பில் பெரும்பகுதி பாதிக்கப்பட்டாலும், சீழ் கட்டினாலும், காய்ச்சல் கண்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போவதில் தாமதம் கூடாது. மூச்சு விடச் சிரமமானால் ஒரு கணமும் காத்திருக்கலாகாது. கடுமையான நிலையில் மருத்துவர் ஸ்டீராய்டு மாத்திரைகளை இரண்டு மூன்று வாரங்களுக்குப் படிப்படியாகக் குறைத்துக் கொடுப்பார். நாலைந்து நாளில் தணிந்துவிட்டதே என்று பாதியில் நிறுத்தினால் வீக்கம் மறுபடியும் தலையெடுக்கும்.

இவ்விடத்தில் தான்றி மரத்தைப் பற்றிச் சொல்லாமலிருக்க முடியாது. சேரு பட்டவர் தான்றியைத் தேடிச் சென்று வணங்கி வலம் வருவதும், அதன் பட்டையை அவித்த நீரில் குளிப்பதும் கேரளத்துக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். திரிபலையில் ஒன்றான தான்றி துவர்ப்பு மிகுந்தது; துவர்ப்புள்ள கஷாயம் கசியும் புண்ணை உலர்த்தி இதம் தருவது இயற்கையே. துன்புற்ற மனத்துக்கு ஆறுதலாக ஒரு மரத்தை வைத்துப் போன முன்னோரின் கருணையை நான் மதிக்கிறேன். ஆயினும் தான்றியைத் தேடி நடக்கும் அந்த அரை மணியில் சேருவின் பசை தோலுக்குள் இறங்கிவிடுகிறது. முதலில் சோப்பும் தண்ணீரும், பிறகு தான்றி என்று வரிசையை மாற்றிக்கொண்டால் பக்திக்கும் பங்கமில்லை, உடம்புக்கும் நன்மை.

காட்டுக்குப் போகாமலே நாள்தோறும் இந்தக் குடும்பத்தோடு போராடுகிறவர்கள் அண்டியாபீஸ் எனப்படும் தொழிற்சாலைகளில் முந்திரிக்கொட்டை தல்லும் பெண்கள். போர்த்துக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து கொணர்ந்த இம்மரத்தின் கொட்டை, கொல்லத்திலிருந்து கன்னியாகுமரி மாவட்டம் வரை ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. ஆனால் அதன் தோட்டிலுள்ள எண்ணெய் ஒவ்வாமை உண்டாக்குவது மாத்திரமல்ல, நேராகவே தோலைச் சுட்டுப் புண்ணாக்குவது. விளக்கெண்ணெயையோ சாம்பலையோ கையில் பூசிக்கொண்டு, கறுத்துப் பிளந்த விரல்களால் வெள்ளைப் பருப்பு உடையாமல் எடுக்கும் அப்பெண்களின் திறமையைப் போற்றுவதோடு நிற்பது நியாயமாகாது. தரமான கையுறையும், கைகழுவச் சோப்பும், புண்பட்ட கை ஆறும்வரை வேறு பணியும் அவர்களுக்குக் கிடைக்கச் செய்வது தொழில் நடத்துவோரின் கடமை.

ஒரு பேதத்தையும் அறிந்து வைத்திருக்க வேண்டும். செந்தட்டி பட்டாலும் பூனைக்காலியின் சுணை விழுந்தாலும் அரிக்கும். ஆனால் அவை நுண்ணிய ரோமங்களால் குத்தித் தொட்ட மாத்திரத்திலேயே எரிவூட்டுகின்றன, பெரும்பாலும் சிறிது நேரத்தில் அடங்கிவிடுகின்றன. தொட்டபோது ஒன்றும் தெரியாமலிருந்து, ஒருநாள் கழித்து எழும் கொப்புளமே சேருவின் முத்திரை. ஆகவே எரிச்சல் இல்லை என்பதால் கழுவாமல் இருப்பது பேதைமை.

இவ்வளவு துன்பம் தருகிறதே என்பதற்காக இம்மரத்தைக் கண்ட இடமெல்லாம் வெட்டி ஒழிக்க வேண்டுமென்று நான் சொல்லமாட்டேன். நம் மலைக்கு மாத்திரமே உரிய ஒரு விருட்சத்தை அழிக்க நமக்கு உரிமையில்லை. வெட்டப் போகிறவனுக்கே முதலில் தீங்கு நேரும் என்பதும் உண்மை. நாகம் எப்படி இருக்குமென்று குழந்தைகளுக்குக் காட்டிக் கொடுக்கும் நாம், சேருவின் இலையையும் அதன் கருங்கறையையும் காட்டிக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூட ஆசிரியர்கள் தங்கள் ஊர்க் காவிலுள்ள மரத்தைத் தூரத்திலிருந்தேனும் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்து வைக்கலாம். ஊரில் தொழிலுறப்பு என்று வழங்கும் கிராம வேலைத் திட்டத்தில் புதர் வெட்டப் போகும் பெண்களோடு முழுக்கைச் சட்டையும், ஒரு குடம் தண்ணீரும், ஒரு துண்டுச் சோப்பும் கூடவே போகட்டும். மிகச் சொற்பமான இந்தச் செலவை ஊராட்சிகள் ஏற்றுக்கொண்டால், வருஷந்தோறும் எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் இரண்டு மூன்று வாரக் கூலியை இழக்காமல் பிழைக்கும்.