எடை இறங்கியது, எரிச்சல் ஏறியது
எடையும் வாழ்வும் – தொடர் 9

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை யாருக்குத் தேவை என்று சென்ற வாரம் பார்த்தோம். அதைச் செய்துகொண்ட பலரும் வெளியே சொல்லத் தயங்கும் ஒரு தொல்லையை இந்த வாரம் பேசுவோம். எடை கிலோ கிலோவாக இறங்கியிருக்கும், சர்க்கரை மாத்திரை குறைந்திருக்கும், பார்க்கிறவர்கள் எல்லாம் பாராட்டுவார்கள். ஆனால் ராத்திரி படுத்தால் நெஞ்சு கரிக்கும், புளித்த தண்ணீர் தொண்டைவரை எதுக்களிக்கும். வீட்டில் சொன்னால், ‘வாயைக் கட்டவில்லை போலிருக்கிறது’ என்பார்கள். அந்தப் பேச்சால்தான் பலர் வாய் திறப்பதே இல்லை. பெரும்பாலும் இது நாக்கின் குற்றமல்ல. வயிறு புதிதாகப் பெற்ற வடிவம்தான் காரணம்.

தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள் என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. நெய்வேலி போன்ற ஊரில் ஷிப்ட் வேலையும் இதோடு சேர்ந்துகொள்கிறது. 1956-ல் நிறுவனம் தொடங்கிப் பழுப்பு நிலக்கரிக்காகவே உருவான நகரியம் இது. சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் இரவு பகல் கிடையாது. இந்த வாரம் காலை ஷிப்ட், அடுத்த வாரம் இரவு ஷிப்ட் என்று மாறும்போது பசியும் தூக்கமும் தடம் புரள்கின்றன. எடை கூடுவதற்கும் அதுவே வழி, நெஞ்செரிச்சலுக்கும் அதுவே வழி.

வயிற்றுக்குள் என்ன மாறுகிறது?

இன்று அதிகம் செய்யப்படுவது ‘ஸ்லீவ்’ அறுவை சிகிச்சை. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போன்ற ஒல்லியான குழாயை மட்டும் விட்டுவைக்கிறார்கள். வெட்டி எடுக்கும் பகுதியில் இரைப்பையின் மேல் வளைவும் அடங்கும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் அங்கேதான் சுரக்கிறது. அதனால்தான் அறுவைக்குப் பிறகு பசி அடங்குகிறது.

சாப்பாடு இறங்கும்போது தளர்ந்து விரிந்து இடம் கொடுப்பதும் அதே மேல் வளைவுதான். அது போனபின் குழாய்க்குள் அழுத்தம் கூடுகிறது. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் இயற்கை வைத்த கூரான மடிப்பு மழுங்குகிறது. கீழ் வாசலான பைலோரஸ் அப்படியே இருப்பதால், அழுத்தம் மேலே வழி தேடுகிறது. மீதிக் குழாய் அமிலம் சுரப்பதையும் நிறுத்துவதில்லை. உதரவிதானத்தின் துளை வழியாக இரைப்பை மேலேறும் ஹையேட்டஸ் ஹெர்னியா இருந்தால் தொல்லை இரட்டிப்பு.

அதற்காக ஸ்லீவ் செய்த எல்லோருக்கும் எரிச்சல் வரும் என்றில்லை. தொப்பையின் அழுத்தம் குறைவதால் பழைய எரிச்சல் நின்றுபோனவர்களும் உண்டு. ஆனாலும் அபாயம் சிறியதல்ல. பின்லாந்தில் 240 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஸ்லீவ், மறு பிரிவுக்கு இரைப்பையின் மேல்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துக் குடலோடு இணைக்கும் ‘பைபாஸ்’ என்று சிகிச்சை அளித்தார்கள். 2022-ல் வந்த பத்தாண்டு முடிவில், உணவுக்குழாய் அழற்சி ஸ்லீவ் பிரிவில் 31 சதவீதம், பைபாஸ் பிரிவில் 7 சதவீதம். பைபாஸில் மேலே விடப்படும் பை மிகச் சிறியது, அதில் அமிலமும் சொற்பம் என்பதே இந்த வித்தியாசத்துக்குக் காரணம்.

ஆகவே சென்னைக்கோ புதுச்சேரிக்கோ ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். எனக்கு எண்டோஸ்கோபி பார்த்தீர்களா? ஹெர்னியா இருக்கிறதா? ஏற்கெனவே எரிச்சல் உள்ள எனக்கு ஸ்லீவ் சரியா, பைபாஸா? நான் இரவு ஷிப்ட் பார்ப்பவன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஷிப்ட்காரர் என்ன செய்யலாம்?

இரவு ஷிப்ட் முடிந்து வீடு வந்ததும் சூடான பொங்கல், வடை, சாம்பார். சாப்பிட்ட கையோடு திரையை இழுத்துவிட்டுப் படுக்கை. ஸ்லீவ் வயிற்றுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரமாவது வேண்டும். பிரதான உணவை வேலைக்குக் கிளம்பும் முன் முடித்துக்கொண்டு, ஷிப்டின் நடுவில் சிறிதளவு புரதம் சேர்த்துக்கொள்ளலாம். காலையில் வீடு வந்ததும் தூங்கிவிட்டு, எழுந்தபின் நிதானமாகச் சாப்பிடலாம். விழித்திருக்க அடிக்கடி குடிக்கும் டீயையும், சோடாவையும், புகையையும் குறைக்காமல் எரிச்சல் குறையாது.

கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில், இரண்டிரண்டு செங்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து உயர்த்துங்கள். ஏறக்குறைய ஆறு அங்குலம் கிடைக்கும். தலையணையை அடுக்கினால் பயன் இல்லை. இடுப்பு மடங்கி வயிற்றின் அழுத்தம்தான் கூடும். இடது பக்கம் சாய்ந்து படுத்தால் இரைப்பை உணவுக்குழாய்க்குக் கீழே அமைகிறது, அமிலம் ஏறுவது குறைகிறது.

மாத்திரையோடு முடிந்துவிடாது

மெயின் பஜாரிலோ மந்தாரக்குப்பத்திலோ மெடிக்கலில் ‘பேன் ஒரு அட்டை’ என்று வாங்கி மாதக்கணக்கில் போடுகிறவர்கள் ஏராளம். பேன்டோபிரசோல் நல்ல மருந்துதான். அன்றைய முதல் உணவுக்கு அரை மணி முன்பு போட்டால்தான் முழுப் பலன் தரும். ஆனால் நெடுநாள் போட்டால் வைட்டமின் பி12, மெக்னீசியம் குறையக்கூடும். அறுவைக்குப் பிறகு பி12-ம் இரும்பும் ஏற்கெனவே தட்டுப்பாட்டில் இருக்கும். கால்சியம் கார்பனேட் உடலில் சேரவும் அமிலம் தேவை. அதனால் கால்சியம் சிட்ரேட் பொருத்தமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரை எரிச்சலை அடக்கலாம், எதுக்களிப்பை அடைக்காது. பைபாஸின் ஒரு வகையில் பித்தநீரே மேலேறக்கூடும். அதற்கும் அமில மாத்திரை போதாது.

எரிச்சல் இல்லாவிட்டாலும் உள்ளே புண் இருக்கலாம். அதனால்தான் ஸ்லீவ் செய்தவர்களுக்கு ஓராண்டில் ஒருமுறையும், பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் எண்டோஸ்கோபி பார்க்கும்படி சர்வதேச உடல்பருமன் அறுவை மருத்துவர் அமைப்பு பரிந்துரைக்கிறது. மருந்துக்குக் கட்டுப்படாத எதுக்களிப்புக்கு ஸ்லீவை பைபாஸாக மாற்றும் வழி இருக்கிறது. உங்களுக்கு அது சரிவருமா என்பதைப் பரிசோதனைகள் சொல்லும்.

விழுங்கச் சிரமம், ரத்த வாந்தி, கறுத்த மலம், நிற்காத வாந்தி இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். நெஞ்சு இறுக்கமும் வியர்வையும், கைக்கோ தாடைக்கோ பரவும் வலியும் வந்தால் ‘கேஸ்’ என்று ஜெலுசில் குடித்துக் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போய் இசிஜி எடுங்கள்.

ஆபரேஷன் ஒரு நாளில் முடிகிறது, கண்காணிப்பு ஆயுள் முழுக்கத் தொடர்கிறது. எடை பார்க்கப் போகும் ஒவ்வொரு முறையும் எரிச்சலையும் சொல்லுங்கள். வெட்கப்பட இதில் எதுவும் இல்லை. வீட்டில் இருப்பவர்களும் குறை சொல்வதை விட்டுவிட்டு, ‘ராத்திரி எப்படித் தூங்கினாய்?’ என்று கேளுங்கள். மருத்துவருக்குத் தெரிய வேண்டிய சேதி அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

(அடுத்த வாரம்: எடை குறைந்தபின் உதிரும் முடியும் குறையும் சத்துகளும்)