உஷார்! ‘செத்த’ போனுக்கும் விலை உண்டு

“பழைய செல்போன், உடைஞ்ச செல்போன், ஆன் ஆகாத செல்போன் எடுக்கிறதூ...” என்று ஸ்பீக்கர் கட்டிய டூவீலர் உங்கள் தெருவுக்குள் வந்தால், உடனே மேசை டிராயரைத் திறக்கப் போகாதீர்கள். ஒரு நிமிஷம் நில்லுங்கள்.

போன மாதம் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா திறந்துவிட்டார். உள்ளே ஒரு ஆண்ட்ராய்டு போன். வாங்கும்போது 14,000 ரூபாய். கீழே விழுந்து திரை கறுத்துப்போய் ஒன்றரை வருஷமாகக் கிடந்தது. அதைக் கொடுத்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் பேசின் வாங்கிக்கொண்டார். “ஆன் ஆகாத போன்தானேப்பா, கிடைச்ச வரைக்கும் லாபம்” என்றார். “மெமரி கார்டை எடுத்தீங்களாக்கா?” என்று கேட்டேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது.

அது ஆன் ஆகாத போனே இல்லை. சார்ஜர் மாட்டினால் அதிர்வு வந்தது என்று அவரே சொன்னார். போனது டிஸ்ப்ளே மட்டும். போர்டு உயிரோடு இருந்தது. பொண்ணு கல்யாணப் படங்கள், ஜிமெயில், ஆதார் நகல் எல்லாம் அந்த போர்டில்தான். வேறொரு டிஸ்ப்ளேயை இணைத்தால் போன் எழுந்து உட்கார்ந்துவிடும். ஸ்கிரீன் லாக்கும் போட்டிருக்கவில்லை.

இது வீண் பயம் இல்லை. 2024 ஆகஸ்டில் தெலங்கானாவின் ராமகுண்டம் சைபர் கிரைம் போலீசார், பீகாரைச் சேர்ந்த மூன்று பேரைச் சாக்கு மூட்டைகளோடு பிடித்தார்கள். மூட்டைகளுக்குள் சுமார் 4,000 பழைய போன்கள். ஊர் ஊராகப் போய் மக்களிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கியவை. அவற்றைப் பழுதுபார்த்து சைபர் மோசடிக் கும்பல்களுக்குக் கொடுக்கப் போவதாகப் போலீசார் சொன்னார்கள். ஒவ்வொரு போனுக்கும் 15 இலக்க ஐஎம்இஐ எண் உண்டு. மோசடி அழைப்பு எந்தக் கருவியிலிருந்து போனது என்று போலீஸ் தேடும்போது கையில் சிக்குவது அந்த எண்தான். அந்தத் தடம் உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றால், “வித்துட்டேன் சார்” என்று சொல்ல உங்களிடம் என்ன காகிதம் இருக்கிறது?

தெருவில் வாங்குகிறவர் எல்லாருமே திருடர் என்று சொல்லவில்லை. பிழைப்புக்காக வருகிறவர்களும் உண்டு. ஆனால் அவர் வாங்கும் போன் அடுத்து யார் கைக்குப் போகும் என்பது அவருக்கே தெரியாது.

பழைய போனின் விலை எதில் இருக்கிறது என்று புரிந்துகொண்டால் பேசினுக்குக் கொடுக்க மாட்டோம். சென்னை ரிச்சி தெரு மாதிரி இடத்தில் போனை நீட்டினால் போர்டு, டிஸ்ப்ளே, பேட்டரி என்று தனித்தனியாகத்தான் கணக்குப் போடுவார்கள். அப்புறம் பில், பாக்ஸ். அடுத்து, அந்த மாடலுக்கு இன்னும் எத்தனை வருஷம் அப்டேட் வரும் என்பது. சாம்சங் எஸ்24, பிக்சல் 8 போன்றவற்றுக்கு 7 வருஷம் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். அப்டேட் நின்றுபோன போன், பார்க்கப் புதுசாக இருந்தாலும் விலை சரியும். ஐபோன் என்றால் முதலில் பேட்டரி ஹெல்த்தைத்தான் திறந்து பார்ப்பார்கள். 80 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் பேட்டரி மாற்றும் செலவை உங்கள் விலையில்தான் கழிப்பார்கள்.

பழைய போன் வாங்கும் தளங்கள் ஆன்லைனில் காட்டும் விலையை மட்டும் நம்பி ஏமாறாதீர்கள். நான் ஏமாந்தேன். திரையில் 11,500 ரூபாய் காட்டியது. போனை எடுக்க வீட்டுக்கு வந்த பையன் வெள்ளைத் திரை வைத்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். “ஓரத்துல லேசா ஷேடு இருக்கு சார்” என்றான். ஸ்பீக்கரில் குறை, பாடியில் கீறல் என்று சேர்த்து 7,200-க்கு இறக்கினான். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் வருவதற்கு முன்பே போனை ரீசெட் செய்து, சிம்மை வேறு போனுக்கு மாற்றி வைத்திருந்தேன். மனசால் விற்று முடித்தாகிவிட்டது. சரி எடுத்துட்டுப் போ என்றுதான் வாயில் வந்தது. அதனால் சொல்கிறேன்: விலை முடிவாகிற வரைக்கும் ரீசெட் செய்யாதீர்கள். பேக்கப் மட்டும் எடுத்து வையுங்கள். விலை படிந்தபிறகு, உங்கள் கண்ணெதிரே, உங்கள் கையாலேயே அழியுங்கள்.

அழிப்பதிலும் வரிசை இருக்கிறது. முதலில் யுபிஐ, வங்கி ஆப்களிலிருந்து வெளியேறுங்கள். அடுத்து கூகுள் கணக்கை நீக்குங்கள், ஐபோன் என்றால் ஆப்பிள் கணக்கிலிருந்து சைன் அவுட். அதன் பிறகுதான் ஃபேக்டரி ரீசெட். கணக்கை விட்டுவைத்தால் வாங்கியவரால் போனைத் திறக்க முடியாமல் போகலாம். அப்புறம் “சார், ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க” என்று அழைப்பு வரும். பேசுவது அவர்தானா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? சிம், இ-சிம், மெமரி கார்டு மூன்றையும் மறக்காதீர்கள். மெமரி கார்டைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

திரை போன போனை என்ன செய்வது? தெரிந்த சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோய், டிஸ்ப்ளேயைத் தற்காலிகமாக மாட்டச் சொல்லி, பக்கத்தில் நின்று ரீசெட் செய்யுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் கணினியில் உங்கள் கூகுள் கணக்கைத் திறந்து, அந்தக் கருவியை வெளியேற்றிவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். போனை அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மையத்தில் கொடுங்கள். யாருக்கு விற்றாலும் தேதி, ஐஎம்இஐ, தொகை, வாங்கியவர் கையெழுத்து ஆகியவற்றோடு ஒரு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்குகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். பாதி விலைக்கு ஒரு போன் கண்ணில் பட்டால், காசை எடுப்பதற்கு முன் அதில் *#06# அடியுங்கள். ஐஎம்இஐ வரும். KYM என்று அடித்து ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். தடுக்கப்பட்ட எண் என்று வந்தால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் திரும்பி நடந்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு அன்று ராத்திரியே எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் மாற்றிக் கொடுத்தோம். கணக்கில் தெரிந்த அந்தப் பழைய போனையும் வெளியேற்றினோம். போர்டிலும் மெமரி கார்டிலும் இருந்த படங்களையும் ஆதார் நகலையும் மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.