ஒற்றையா, இரட்டையா?

மாரிகாலத்து மாலைப் பொழுது. வெளியே விடாத மழை. முற்றத்தில் ஓடியாட வழியின்றி வீட்டினுள் அடைபட்ட சிறுவர், புளியங்கொட்டைகளைக் குவித்து வைத்து வட்டமாய் அமர்கின்றனர். ஒருவன் கண்ணை மூடி ஒரு பிடி அள்ளி, பொத்திய கையை நீட்டி, "ஒற்றையா, இரட்டையா?" என்று வினவுகின்றான். நம்மில் இவ்விளையாட்டை ஆடாதவர் அரியர். ஆயினும் இதனுள் ஒரு கணிதம் மறைந்திருப்பதையும், அக்கணிதம் தாய்மார் சிலரின் கண்ணீரைத் துடைக்க வல்லது என்பதையும் எண்ணிப் பார்த்தோர் சிலரே.

எவ்விடையைக் கூறுதல் நலம்? இரண்டும் சமமே என்பீர்கள். எண்ணிப் பார்ப்போம். குவியலில் மூன்றே கொட்டைகள் உள்ளன எனக் கொள்வோம். ஒன்றை மட்டும் எடுக்க மூன்று வழிகள். இரண்டை எடுக்க மூன்று வழிகள். மூன்றையும் எடுக்க ஒரே வழி. ஆக ஏழு வழிகளுள் ஒற்றைக்கு நான்கு, இரட்டைக்கு மூன்று! பத்துக் கொட்டைகளாயின் வழிகள் 1023. ஒற்றைக்கு 512, இரட்டைக்கு 511. எது கையில் அகப்படும் என்பது முற்றிலும் தற்செயலாயின், ஒற்றையே ஒரு மயிரிழை மேல்.

காரணம் யாது? ஒரு கொட்டைக்குச் சுண்ணாம்பால் பொட்டிடுங்கள். அள்ளிய பிடியில் அது இருந்தால் நீக்குங்கள், இல்லையேல் சேருங்கள். ஒற்றைப் பிடி இரட்டையாகும். இரட்டைப் பிடி ஒற்றையாகும். இவ்வாறு ஒவ்வொன்றிற்கும் ஒரு சோடி அமையும். ஆனால் பொட்டிட்ட கொட்டை மட்டும் தனித்து வந்த பிடிக்குச் சோடி வெறுங்கையே. வெறுங்கையை எவரும் நீட்டுவதில்லை. ஆகவே ஒற்றையின் பக்கம் ஒன்று எஞ்சுகின்றது.

பிரான்சிலும் இவ்விளையாட்டு உண்டு. 1728 ஆம் ஆண்டிலேயே மெய்ரான் என்னும் அறிஞர் இதனை ஆராய்ந்து ஒற்றைக்கே வாய்ப்பு மிகுதி என்றார். பின்னர் வந்த கணித மேதை லாப்லாஸ் வேறு வழியிற் கணக்கிட்டு அதே முடிவைக் கண்டார். கொட்டைகள் பெருகப் பெருக அவ்வேற்றுமை தேய்ந்து போகும்.

இனி, இதனினும் பெரிய மயக்கம் ஒன்று உண்டு. 1 முதல் 6 வரை எண்ணிட்ட தாயக்கட்டையை எடுங்கள். 1, 3, 5 ஒற்றை. 2, 4, 6 இரட்டை. இங்கே இரண்டும் சரிசமம். ஐந்து முறை தொடர்ந்து ஒற்றையே விழுந்துவிட்டால் ஆடுபவர் என்ன சொல்வார்? "இனி இரட்டைதான் விழ வேண்டும்" என்பார். ஆறு முறை உருட்டினால் ஒற்றையும் இரட்டையும் 64 விதமாய் வரிசைப்படலாம். ஐந்து ஒற்றையின் பின் இரட்டை வருவது அவற்றுள் ஒன்று. ஐந்து ஒற்றையின் பின் மீண்டும் ஒற்றை வருவதும் ஒன்றே. தாயக்கட்டைக்கு ஞாபகசக்தி இல்லை. முன்பு விழுந்ததற்கு ஈடுசெய்ய வேண்டிய கடன் அதற்கில்லை.

இம்மயக்கம் சூதாடுவோரை மட்டும் பிடித்ததன்று. மைந்தனை விரும்பிய தந்தையர் சிலர், அம்மாதத்தில் ஊரில் ஆண் குழந்தைகள் பல பிறந்ததைக் கேட்டு, 'இனிப் பிறப்பன பெண்களாயிருக்குமே' என்று கவலையுற்றதைத் தாம் கண்டதாக லாப்லாஸ் 1814 இல் எழுதினார்.

நம்மிடையே மட்டும் என்ன குறைவு? "மூன்றும் பெண், நான்காவது நிச்சயம் ஆண்தான்" என்பார் ஒருவர். "இவள் வயிற்றில் பெண்ணே தங்கும்" என்பார் மற்றொருவர். நான்காவதும் பெண்ணாய்ப் பிறந்தால் பழி முழுவதும் தாயின் தலையில்! கணிதம் கூறுவது யாதெனில், மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் ஏறத்தாழ எட்டில் ஒன்றில் மூவரும் பெண்களாயிருத்தல் இயல்பே. அடுத்த பிள்ளைக்கோ மீண்டும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி வாய்ப்புத்தான். உலகில் 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன, அவ்வளவே வேற்றுமை.

பழி சுமத்த விரும்புவோர்க்கு விஞ்ஞானம் இன்னொன்றும் கூறும். 1905 இல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி மாப்புழுக்களை ஆராய்ந்து, ஆணின் உயிரணுவே குஞ்சு ஆணா பெண்ணா என்பதை நிர்ணயிக்கிறது எனக் காட்டினார். மானிடர்க்கும் அவ்வாறே. தாய் அளிக்கும் நிறமூர்த்தம் எப்போதும் எக்ஸ். தந்தையிடமிருந்து வருவது எக்ஸா, வையா என்பதே வேற்றுமைக்குக் காரணம். அதுவும் அவர் விரும்பித் தெரிந்தெடுப்பதன்று. கண்ணை மூடி அள்ளிய பிடி போன்றதே.

ஆகவே, பெண் மகவு பிறந்த வீட்டிற்குச் செல்வோர் பெருமூச்சை வாசலிலேயே விட்டுச் செல்வார்களாக. தொட்டிலில் கிடப்பது எவருடைய குற்றமுமன்று. எந்த வினையின் பயனுமன்று. நாளை அதே மகள், மழைநாள் மாலையில் பொத்திய கையை நீட்டி, "ஒற்றையா, இரட்டையா?" என்று கேட்பாள். தயங்காமல் "ஒற்றை" என்று சொல்லுங்கள். தோற்றாலும் சிரித்துக் கொண்டே கொட்டைகளைக் கொடுத்துவிடுங்கள்.