மூன்றடுக்குச் செடித்தாங்கி

மும்பை, தில்லி போன்ற பெருநகரங்களின் அடுக்குமாடி வீடுகளில் வாழ்வோருக்குத் தோட்டம் அமைக்க நிலம் இல்லை. அவர்கள் சன்னலோரத்தில் மரத்தாலான செடித்தாங்கியை அமைக்கலாம். தரையில் மூன்று தொட்டிகள் நிற்கும் இடத்தில், மூன்றடுக்குத் தாங்கி ஒன்பது தொட்டிகளை ஏற்கும்.

90 செ.மீ. உயரமுள்ள நான்கு கால்களும், 60 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் உள்ள மூன்று பலகைகளும் தேவை. பலகைகளைக் கால்களோடு திருகாணியால் இணைக்க வேண்டும். இவ்வாறு அமையும் நாற்கோணச் சட்டகம், பக்கவாட்டில் தள்ளினால் சாய்ந்துவிடும். பின்புறத்தில் மூலைக்கு மூலை ஒரு குறுக்குச் சட்டத்தைப் பொருத்தினால், நாற்கோணம் இரண்டு முக்கோணங்களாகப் பிரியும். முக்கோணம் தன் வடிவம் மாறாது. ஆதலால் தாங்கி உறுதியாக நிற்கும்.

ஒரு லிட்டர் நீரின் எடை 1 கிலோகிராம். ஆகவே, நீரூற்றிய தொட்டி மிகவும் கனக்கும். பெரிய தொட்டிகளைக் கீழடுக்கில் வைத்து, தாங்கியின் மேற்பகுதியைச் சுவரோடு பிணைத்தல் வேண்டும். இல்லையெனில், சிறு குழந்தை பற்றி இழுக்கும்போது அது கவிழக்கூடும்.

தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரில் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு பெருகும். தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள், நீரைக் கொட்டுவதால் மட்டும் நீங்கா. எனவே, வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவி உலர்த்துங்கள்.

சொற்பொருள்: பிணைத்தல் – சேர்த்துக் கட்டுதல், நீங்கா – அகலமாட்டா.