செம்மண் தரையில் ஆரூடம்

ஏப்ரல் மாதத்தில் மான்டி கார்லோவில் மத்தியதரைக் கடலைப் பார்த்த மேட்டுநிலத்தில் முதல் பந்து அடிக்கப்படுவதிலிருந்து, மாட்ரிட்டையும் ரோமையும் கடந்து, மே மாதக் கடைசியில் பாரிஸ் நகரத்து ரோலண்ட் காரோஸ் மைதானத்தில் பிரெஞ்சு ஓபன் ஆரம்பமாகும் வரையில், டென்னிஸ் அபிமானிகள் ஒருவரோடொருவர் நடத்துகிற வாதப்பிரதிவாதங்களைக் கேட்டுக்கொண்டிருப்பது, ஆட்டத்தைப் பார்ப்பதற்கு எவ்விதத்திலும் குறையாத ஆனந்தம். ஒருவர் தரவரிசைப் பட்டியலையே பிரமாணமாக எடுத்து வைப்பார். இன்னொருவர் சென்ற வருஷத்து முடிவுகளை ஒன்றுவிடாமல் ஒப்பிப்பார். மூன்றாமவரோ, இவை ஒன்றையும் பொருட்படுத்தாமல், இன்ன வீரர் பேக்ஹேண்ட் அடிக்கும்போது பின்கால் தரையில் ஊன்றுகிறதா, முழங்காலில் புதிதாகப் பட்டை ஏதாவது சுற்றியிருக்கிறதா என்று கவனித்துவிட்டு, ‘நான்காவது சுற்றைத் தாண்டமாட்டார்’ என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லி ஓய்ந்துவிடுவார். நான் இந்த மூன்றாமவர் கட்சி. செம்மண் தரையைப் பொறுத்தவரையில், ஒருவர் எத்தனை ஆட்டங்களை வென்றார் என்ற கணக்கைவிட, ஒவ்வொரு புள்ளியையும் எவ்விதமாக வென்றார் என்ற விசாரணைதான் பலன் தரும் என்பது என் அபிப்பிராயம்.

காரணம் தரையிலேயே இருக்கிறது. தொலைக்காட்சியில் நம் கண்ணைப் பறிக்கும் அந்தச் சிவப்பு, செங்கல்லை அரைத்துத் தூவிய பொடி. அதன் கனம் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தேறாது. அதற்குக் கீழே, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிற வெள்ளைச் சுண்ணாம்புக்கல் தூள் சில அங்குல கனத்துக்கு இறுக்கப்பட்டிருக்கிறது. அதற்கும் கீழே எரிந்த நிலக்கரியின் கசடு, பிறகு சரளை, அடியில் தண்ணீர் வடியப் பெருங்கல். பொடியின்மேல் விழுகிற பந்து உராய்ந்து, முன்னே பாயும் வேகத்தை இழந்து, உயரமாக எழும்புகிறது. புல்தரையில் எதிராளியின் மட்டைக்கு எட்டாமல் ஓடிப் போயிருக்கக்கூடிய சர்வீஸ், இங்கே ஒரு கணம் தயங்கி நின்று, ‘என்னைத் திருப்பி அடி’ என்று கேட்கிறது. டாப் ஸ்பின் கொடுத்து அடித்த பந்தோ தோளுக்கு மேலே ஏறி வருகிறது. ஆகவே புல்தரையில் இரண்டு அடியில் முடிகிற சமாசாரம் இங்கே பன்னிரண்டு அடி, பதினைந்து அடி என்று நீள்கிறது; கை சாமர்த்தியத்தோடு கால் பலமும், கால் பலத்தோடு பொறுமையும் பரீட்சைக்கு வருகின்றன.

இந்தப் பரீட்சையில் தவறிய மகா வீரர்களின் பட்டியல் நீளமானது. 14 கிராண்ட் ஸ்லாம் பட்டங்களை வென்ற பீட் சாம்ப்ராஸ், பாரிஸில் 1996-ல் அரையிறுதியை எட்டியதோடு சரி. போரிஸ் பெக்கர் தம் ஆயுளில் செம்மண்ணில் ஒரு பட்டங்கூட வாங்கியதில்லை. ஜான் மெக்கன்ரோ 1984 இறுதியாட்டத்தில் இவான் லெண்டிலிடம் முதல் இரண்டு செட்டுகளையும் கைப்பற்றிய பிறகு தோற்றார். நம்மவர் ரமேஷ் கிருஷ்ணன் 1979-ல் பாரிஸில் இளையோர் பட்டத்தை வென்றவர் என்பது இன்று பலருக்கு ஞாபகம் இராது. ஆயினும் பெரியவர்களோடு ஆடத் தொடங்கிய பின் அவர் கிராண்ட் ஸ்லாம் காலிறுதிகளைக் கண்டதெல்லாம் விம்பிள்டனிலும் அமெரிக்க ஓபனிலுந்தான். மிருதுவாக, தாழ்வாக, எதிராளியின் அவகாசத்தைத் திருடுகிற அவருடைய ஆட்டத்துக்கு, எல்லோருக்கும் தாராளமாக அவகாசம் கொடுக்கும் மண் இசையவில்லை.

பிரெஞ்சு ஓபனுக்கு முன்னே நடக்கும் போட்டிகளைச் சாட்சியாகக் கொள்வது அபிமானிகளின் வழக்கம். இந்தச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்துதான் ஏற்க வேண்டும். மாட்ரிட் நகரம் கடல் மட்டத்துக்குச் சுமார் 650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று லேசானபடியால் பந்து வேகமாகப் பறக்கிறது. பெரிய சர்வீஸ் உள்ளவர்கள் அங்கே மண்ணின் தொல்லையை அவ்வளவாக உணர்வதில்லை. எனவே மாட்ரிட்டில் வென்றவரைப் பாரிஸின் வாரிசாக முடிசூட்டுவதில் அவசரம் கூடாது. ரோம் அப்படியல்ல, தன்மையில் பாரிஸுக்கு நெருங்கிய தரை, நம்பத்தகுந்த சாட்சி.

நம்பத்தகுந்த சாட்சியும் பொய் சொல்வதுண்டு. 2009 வசந்தத்தில் ரோமில் ரஃபேல் நடாலும் ஸ்வீடன் தேசத்து ராபின் சோடர்லிங்கும் மோதியபோது நடாலுக்கு 6-1, 6-0 என்று வெற்றி. சில வாரங்களுக்குப் பின் பாரிஸில் நான்காவது சுற்றில் இருவரும் மறுபடி சந்தித்தார்கள். நடால் அதுவரை அந்த மைதானத்தில் தொடர்ச்சியாக 31 ஆட்டங்களை வென்றவர்; தோல்வி என்பதையே அங்கே அறியாதவர். அன்றைய ஆட்டத்தைப் பற்றி முன்கூட்டிப் பேசியவர்கள், எத்தனை கேம்களை சோடர்லிங் எடுப்பார் என்பதைத் தவிர வேறெதிலும் சர்ச்சை செய்திருக்க நியாயமில்லை. ஆனால் அவர் 6-2, 6-7, 6-4, 7-6 என்று வென்றே போனார். ஆறடிக்கு மேல் நெட்டையான மனிதர். மற்றவர்களுக்குத் தோளுயரத்தில் வந்து இம்சை செய்த நடாலின் பந்து, அவருக்கு வாகான உயரத்தில் வந்தது. அதைப் பின்வாங்கி வாங்காமல், முன்னேறி நின்று தட்டையாக விளாசினார். நடாலின் முழங்கால்கள் அப்போது நோவுற்றிருந்தன என்பதும், அதன் பொருட்டே அவர் அவ்வருஷம் விம்பிள்டனுக்குப் போகவில்லை என்பதும் பிறகு தெரிந்தன. ரோமின் ஸ்கோரைப் படித்தவர் இவற்றைக் கண்டிருக்க முடியாது. ரோமில் சோடர்லிங் நின்ற இடத்தைப் பார்த்தவர் கண்டிருக்கக்கூடும், என்று நடந்து முடிந்த பிறகு சொல்வது யாருக்கும் எளிதுதான்.

மண்ணை மாத்திரம் நம்பிப் பேசியவர்களுக்கும் ஒரு பாடம் 2020-ல் கிடைத்தது. கொரோனாவினால் போட்டி செப்டம்பர் கடைசிக்குத் தள்ளிப் போயிற்று. பாரிஸில் குளிர், பந்தின் தயாரிப்பாளர் மாறி, பந்து கனக்கிறது என்று நடாலே குறைப்பட்டுக்கொண்டார், பிரதான ஆடுகளத்துக்குப் புதிதாகக் கூரையும் வந்திருந்தது. குளிரிலும் ஈரத்திலும் டாப் ஸ்பின் எழும்பாது, ஆகையால் இவ்வருஷம் ஜோகோவிச்சின் வருஷம் என்ற தர்க்கத்தில் ஓட்டை ஏதும் தென்படவில்லை. கூரை மூடிய இறுதியாட்டத்தில் நடால் ஜோகோவிச்சை 6-0, 6-2, 7-5 என்று முடித்தார். தரையையும் பந்தையும் சீதோஷ்ணத்தையும் கணக்கிட்டவர்கள், அங்கே பதினான்கு முறை பட்டம் வெல்லப் பிறந்த ஓர் ஆசாமியைக் கணக்கில் சேர்க்க மறந்தார்கள்.

பட்டியலின் அடியிலிருந்து கிளம்பி வருகிறவர்களை யாரும் முன்கூட்டி அறிவதில்லை. 1997-ல் தரவரிசையில் 66-ஆம் இடத்திலிருந்த பிரேசில் வாலிபர் குஸ்தாவோ குவெர்டன், மஸ்டர், காஃபெல்னிகோவ், புருகேரா என்ற மூன்று முன்னாள் சாம்பியன்களை ஒரே போட்டியில் வீழ்த்தி, தம் வாழ்க்கையின் முதல் பட்டமாகவே பிரெஞ்சு ஓபனை வாங்கிச் சென்றார். பிரெஞ்சுக்காரர்களோ ஒவ்வொரு வருஷமும் தங்கள் பையன் ஒருவனுக்காக ஏங்குகிறார்கள். ஆண்களில் 1983-ல் யானிக் நோவா வென்றதுதான் அவர்களுக்குக் கடைசி.

விவாதம் உச்சத்தை அடைவது பந்து கோட்டருகே விழும்போதுதான். மற்றப் பெரிய போட்டிகள் கோட்டு நடுவர்களை யந்திரத்துக்காகக் கைவிட்ட பின்னும், பாரிஸ் 2025-ல் மனிதர்களையே வைத்திருந்தது. வீரர் கையைத் தூக்குகிறார். அம்பயர் உயர்ந்த நாற்காலியிலிருந்து படிப்படியாக இறங்கி வந்து, பொடியில் பதிந்த முட்டை வடிவத் தடத்தின்மேல் குனிந்து, அதன் விளிம்பு வெள்ளைக் கோட்டைத் தொடுகிறதா என்று பார்க்கிறார். அவர் விரலை நீட்டுவதற்குள் ஆயிரம் மைலுக்கு அப்பால் சோபாவில் சாய்ந்திருப்பவர், ‘அது வேறே தடம் ஐயா, இது இல்லே!’ என்று கத்திவிடுகிறார்.

அவ்வருஷத்து இறுதியாட்டம் எல்லாக் கட்சிக்காரர்களையும் ஒருங்கே சோதித்தது. யானிக் சின்னர் அதுவரை ஒரு செட்டுகூட இழக்காமல் வந்திருந்தார். கார்லோஸ் அல்கராஸோ வழியில் அங்கங்கே செட்டுகளைச் சிந்திக்கொண்டு வந்தவர். ஆனால் சின்னரோடு ஆடிய கடைசி நான்கு ஆட்டங்களிலும் வென்றவர். சின்னர் முதல் இரண்டு செட்டுகளை எடுத்தார். இரண்டு செட் பின்தங்கிய பிறகு அல்கராஸ் அதற்கு முன் ஒருபோதும் மீண்டு வென்றதில்லை. நான்காவது செட்டில் 3-5, தம் சர்வீஸில் 0-40. சின்னருக்கு மூன்று வெற்றிப் புள்ளிகள். மூன்றையும் அல்கராஸ் தடுத்து, 5 மணி 29 நிமிஷம் கழித்து, கடைசி டை-பிரேக்கரை 10-2 என்று பிடித்துப் பட்டத்தை வாங்கினார்; பிரெஞ்சு ஓபன் சரித்திரத்தில் அதனினும் நீண்ட இறுதியாட்டம் கிடையாது. இந்த அடியிலிருந்து சின்னர் எளிதில் எழமாட்டார் என்று அன்றிரவே பலர் நிச்சயித்துவிட்டார்கள். ஐந்து வாரத்தில் அவர் விம்பிள்டன் இறுதியில் அதே அல்கராஸை வென்றபோது, அவர்கள் சற்றும் சளைக்காமல், ‘அது புல்தரை விவகாரம், மண்ணில் ஆடட்டும், அப்புறம் பேசலாம்’ என்று சொல்லிவிட்டார்கள்.