டூருக்கு ஃபோல்டிங் சேர்... எடையை மட்டும் பார்த்து வாங்கலாமா?

கடந்த மே மாதம் குடும்பத்தோடு ஏலகிரி போயிருந்தோம். ஆன்லைனில் ஆசையாக வாங்கிய கேம்பிங் சேரை அங்கேதான் முதன்முதலாக விரித்தேன். எடை ஒரு கிலோதான். பாட்டியை உட்காரவைத்து போட்டோவெல்லாம் எடுத்தோம். ஆனால், அவரால் எழுந்திருக்க முடியவில்லை. நானும் அப்பாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கிவிட்டோம்.

"அடுத்த தடவை நீங்க போயிட்டு வாங்கடா. நான் வீட்டுலயே இருந்துக்கறேன்" என்றார் பாட்டி. சுருக்கென்றது. தப்பு அவர் முழங்காலில் இல்லை. நான் சேர் வாங்கிய விதத்தில்தான்!

எடை குறைந்தால் உயரமும் குறையும்

ஒரு கிலோ சேர்கள் முதுகில் பை சுமந்து மலையேறுபவர்களுக்கானவை. எடையைக் குறைக்க அலுமினியக் குழாய்களைப் பயன்படுத்துவதோடு, கால்களையும் குட்டையாக்கிவிடுவார்கள். வீட்டு டைனிங் சேரில் உட்காரும் இடம் சுமார் 45 செ.மீ உயரம். இவற்றில் பெரும்பாலும் 30 முதல் 35 செ.மீதான். இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டால், எழும்போது மொத்த பாரமும் முழங்காலில் விழும். கையூன்ற கைப்பிடியும் பலவற்றில் இருக்காது.

காரில் போய் இறங்கி பத்தடி நடக்கப்போகிறீர்கள் என்றால், மூன்று, நான்கு கிலோ சேர் ஒன்றும் பாரமில்லை. டிரெக்கிங் போகும் இளசுகளுக்கு ஒரு கிலோ சேர் ஓகே.

வாங்கும் முன் கவனிக்க...

* பெரியவர்களைச் செருப்போடு உட்காரவைத்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். சீட் அதைவிடத் தாழ்வாக இருக்கக் கூடாது. ஆன்லைனில் சேரின் மொத்த உயரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். சீட்டின் உயரத்தைப் பாருங்கள்.

* துணி தொட்டில்போலத் தொங்கினால், உட்கார்ந்ததும் இன்னும் கீழே இறங்கும். இழுத்துக் கட்டியதுபோல விறைப்பாக இருப்பதே நல்லது.

* தாங்கும் எடை, உட்காருபவரின் எடையைவிடத் தாராளமாக இருக்கட்டும். 'தொப்'பென்று உட்காரும்போது பாரம் கூடும்.

* நம் ஊர் வியர்வைக்கு, முதுகுப் பக்கம் வலைத்துணி வைத்த சேர் சுகம்.

* கடற்கரை மணலில் மெல்லிய கால்கள் புதைந்துவிடும். அடியில் அகலமான பாதம் உள்ளதா எனப் பாருங்கள். இல்லையென்றால், பழைய டென்னிஸ் பந்தில் துளை போட்டு ஒவ்வொரு காலிலும் மாட்டிவிடலாம்.

* கடற்கரையிலிருந்து திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்த பிறகே பையில் போடுங்கள். இல்லாவிட்டால் உப்பு இரும்பை அரித்துவிடும்.

கடையில் வாங்கினால், கூச்சப்படாமல் நான்கைந்து முறை உட்கார்ந்து எழுந்து பாருங்கள். முடிந்தால் வீட்டுப் பெரியவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

போன மாதம் மாமல்லபுரம் போனோம். கைப்பிடி வைத்த புது சேர், மூன்றரை கிலோ. கார் பார்க்கிங்கிலிருந்து தூக்கிப் போனதில் எனக்குத்தான் தோள் வலி. பாட்டியோ யார் கையையும் பிடிக்காமல் எழுந்து, அலையில் கால் நனைக்கப் போய்விட்டார்!